பிர்னோவா, ஒஸ்ட்ராவாவா? இரண்டு செக் பிராந்தியங்களுக்கு இடையே ஒரு தேர்வு

செக் குடியரசில் பொறியாளர் வேலையோ முனைவர் பட்ட ஆய்விடமோ கிடைத்து, தலைநகர் பிராகாவுக்கு வெளியே குடியேறப்போகும் ஒருவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தாம் வந்து நிற்கின்றன: ஒன்று பிர்னோ, மற்றது ஒஸ்ட்ராவா. இரண்டும் நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ளன. மக்கள்தொகையில் பிராகாவுக்கு அடுத்தபடியாக இரண்டாவது, மூன்றாவது இடங்களில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சாலைவழி சுமார் 170 கிலோமீட்டர்தான். வரும் சம்பளத்திலிருந்து போகும் வாடகையைக் கழித்து, மிச்சம் எங்கே அதிகமோ அங்கே போய்விடலாம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அந்தக் கணக்கு தவறில்லை. ஆனால் அது ஊரை மட்டும் பார்க்கிறது. தொழிற்சாலை நகருக்கு வெளியே முப்பது கிலோமீட்டரில் இருக்கலாம், வீடு வேறொரு சிற்றூரில் அமையலாம், வாழ்க்கைத் துணைக்கான வேலை இன்னொரு மாவட்டத்தில் கிடைக்கலாம். ஆகவே ஊர்களைவிட அவை அமைந்திருக்கும் பிராந்தியங்களை ஒப்பிட்டு முடிவெடுப்பதே முறை என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை பிர்னோவைத் தலைநகராகக் கொண்ட தென் மொராவியப் பிராந்தியத்தையும் ஒஸ்ட்ராவாவைத் தலைநகராகக் கொண்ட மொராவிய-சிலேசியப் பிராந்தியத்தையும் அந்த நோக்கில் அருகருகே வைத்துப் பார்க்கிறது.

பிராந்தியம் என்று இங்கே சொல்வது செக் மொழியில் ‘கிராய்’ எனப்படும் நிர்வாக அலகை. 1997இல் நிறைவேறிய அரசமைப்புச் சட்டம் ஒன்றின்படி, பிராகாவையும் சேர்த்து 14 பிராந்தியங்கள் 2000 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தன. அவற்றின் அவைகளுக்கான முதல் தேர்தல் அதே ஆண்டு நவம்பரில் நடந்தது. தலைவருக்கு ‘ஹெய்த்மன்’ என்று பெயர். மேல்நிலைப் பள்ளிகள், பிராந்திய மருத்துவமனைகள், இரண்டாம் மூன்றாம் நிலைச் சாலைகள், ஊர்களை இணைக்கும் பேருந்து, ரயில் ஏற்பாடுகள் ஆகியவை இந்த அமைப்பின் பொறுப்பில் உள்ளன. குடியேறியவரின் அன்றாட வாழ்வில் பாதி இந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டு பிராந்தியங்களுக்கும் முதலில் தலைநகரின் பெயரே, அதாவது பிர்னோப் பிராந்தியம், ஒஸ்ட்ராவாப் பிராந்தியம் என்றே வைக்கப்பட்டிருந்தது. 2001இல்தான் இன்றைய பெயர்கள் வந்தன. பெயரை மாற்றியது பொருத்தமே. ஒஸ்ட்ராவா நகரின் நடுவே ஓடும் ஒஸ்ட்ராவிட்சே ஆறு மொராவியா, சிலேசியா என்ற இரண்டு வரலாற்று நிலப்பகுதிகளுக்குப் பழைய எல்லையாக இருந்தது. அதன் ஒரு கரை இன்றும் மொராவிய ஒஸ்ட்ராவா, மறுகரை சிலேசிய ஒஸ்ட்ராவா.

எண்களில் தொடங்குவோம். தென் மொராவியாவின் பரப்பு சுமார் 7,190 சதுர கிலோமீட்டர், மொராவிய-சிலேசியாவின் பரப்பு சுமார் 5,430 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை முறையே 12.2 லட்சம், 11.9 லட்சம் என்ற அளவில் இருக்கிறது. இந்த இரண்டு மக்கள்தொகை எண்களை மட்டும் பார்த்தால் வேறுபாடே இல்லை என்று தோன்றும். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பக்கத்தில் வைத்தால் கதை மாறுகிறது. அன்று மொராவிய-சிலேசியாவில் 12.7 லட்சம் பேர் இருந்தனர். நாட்டிலேயே அதிக மக்கள் வாழ்ந்த பிராந்தியம் அதுதான். தென் மொராவியாவில் அன்று இருந்தவர்கள் 11.3 லட்சம் பேர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஒன்று ஒரு பெரிய நகரத்தின் அளவு மக்களை இழந்திருக்கிறது, மற்றது கிட்டத்தட்ட அதே அளவு பெற்றிருக்கிறது. 2005இல் அண்டையிலுள்ள விசொச்சினாப் பிராந்தியத்திலிருந்து 25 ஊர்கள் தென் மொராவியாவுக்கு மாற்றப்பட்டதும் 2022க்குப் பிறகு உக்ரைனிலிருந்து அகதிகள் வந்ததும் இந்தக் கணக்கில் உண்டு. அவற்றை ஒதுக்கினாலும் திசை மாறாது. ஒஸ்ட்ராவாவில் வீடு மலிவாகக் கிடைப்பதற்கும் பிர்னோவில் வீடு கிடைக்காமல் அலைய நேர்வதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. மலிவு தனியே வரும் சலுகை இல்லை. வேலையைத் தேடி வெளியேறியவர்கள் விட்டுச்சென்ற காலியிடத்தின் விலை அது.

இந்த வடக்கு-தெற்கு நகர்வு புதிதும் அல்ல. மரபியலுக்கு அடித்தளமிட்ட கிரிகோர் மெண்டல் 1822இல் பிறந்த ஹின்சிட்சே சிற்றூர் இன்றைய மொராவிய-சிலேசியாவின் நோவி யிச்சின் மாவட்டத்தில் உள்ளது. 1843இல் அவர் பிர்னோவின் அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்தார். இசையமைப்பாளர் லெயோஷ் யானாச்செக் 1854இல் பிறந்த ஹுக்வால்டியும் அதே வடக்குப் பிராந்தியத்தைச் சேர்ந்ததே. பதினோரு வயதுச் சிறுவனாக 1865இல் பாடகர் குழுவில் சேர அவர் வந்ததும் பிர்னோவின் அதே மடத்துக்குத்தான். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிர்னோவில் கழித்த அவர், 1928இல் உயிர்விட்டது ஒஸ்ட்ராவாவின் மருத்துவமனை ஒன்றில்.

நிலவமைப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தென் மொராவியா தெற்கே ஆஸ்திரியாவுக்கும் தென்கிழக்கே சுலோவாக்கியாவுக்கும் திறந்து கிடக்கும் தாழ்நிலம். மொராவா, டியே ஆறுகள் கூடுமிடத்தில் நிலம் 150 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. சுலோவாக்கிய எல்லையிலுள்ள மிக உயர்ந்த முகடுகூட 842 மீட்டர்தான். நாட்டின் மிக வெப்பமான, மிக வறண்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. செக் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இங்கேயே இருக்கின்றன. ஸ்னோய்மோ, மிகுலோவ், வால்டிட்சே ஆகிய ஊர்களின் வாழ்வே ஒயினைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆகஸ்டு முதல் நாளிலிருந்து நவம்பர் இறுதிவரை மட்டுமே விற்கச் சட்டம் அனுமதிக்கும் ‘புர்ச்சாக்’ என்ற பாதி நொதித்த திராட்சைச் சாற்றை வாங்க, அந்தப் பருவத்தில் நாடெங்கிலுமிருந்து ஆள் வரும். லெட்னிட்சே-வால்டிட்சே நிலத்தோற்றம் 1996இலும், பிர்னோவின் துகெந்தாத் மாளிகை 2001இலும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. மொராவிய-சிலேசியாவோ இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே அமைந்த பள்ளம். மேற்கே யெசெனிக் மலைகளில் ப்ராதெட் 1,491 மீட்டர். தெற்கே பெஸ்கிடி மலைகளில் லிசா ஹோரா 1,323 மீட்டர். லிசா ஹோரா ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும்போது, தென் மொராவியாவின் தென்கோடியில் 500 மில்லிமீட்டர் பெய்வதே அரிது. பனிச்சறுக்கும் மலைநடையும் விரும்புபவருக்கு வடக்கு. மிதிவண்டியும் வெயிலும் விரும்புபவருக்குத் தெற்கு. இதை வைத்து யாரும் வேலையைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் ஐந்தாறு குளிர்காலங்களைக் கழித்தபிறகு இது சிறிய விஷயமாகத் தெரியாது.

தொழில்தான் இந்த ஒப்பீட்டின் நடுவெலும்பு. ஒஸ்ட்ராவாவை உருவாக்கியவை நிலக்கரியும் இரும்பும். ஆர்ச்டியூக் ருடோல்ஃப் 1828இல் தொடங்கிய விட்கோவிட்சே இரும்பாலையும், வியன்னாவிலிருந்து வடக்கு நோக்கி வந்த ஃபெர்டினாண்ட் ரயில்பாதையும் சேர்ந்து ஒரு சிறு ஊரை ஆஸ்திரியப் பேரரசின் கொல்லுலையாக மாற்றின. சோசலிசக் காலத்தில் ‘நோவா ஹூட்’ என்ற இரண்டாவது பெரிய உருக்காலையும் எழுந்தது. சுரங்கங்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைசெய்த காலம் உண்டு. சோசலிச ஆட்சி வீழ்ந்த 1989க்குப் பிறகு அந்தக் கட்டடம் ஒவ்வொரு தளமாகச் சரிந்தது. ஒஸ்ட்ராவா நகருக்குள் நிலக்கரி எடுப்பது 1994 ஜூன் மாதத்தோடு முடிந்தது. விட்கோவிட்சேயின் ஊதுலை 1998 செப்டம்பரில் கடைசியாக இரும்பு வார்த்தது. கார்வினா மாவட்டத்துச் சுரங்கங்களில் 2021இல் இரண்டு மூடப்பட்டபின் ஸ்டோனவாவின் ஒரே சுரங்கம் மிஞ்சியது. நோவா ஹூட், பின்னர் லிபர்ட்டி என்ற பெயரில் கைமாறி, 2024இல் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. பல ஆயிரம் பேரின் வேலை போயிற்று. இந்தக் கடைசி அடி அண்மையது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நிலக்கரியைவிட்டு மாறும் பகுதிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிய நிதி செக் நாட்டில் மூன்று பிராந்தியங்களுக்குத்தான் கிடைக்கிறது. அவற்றுள் ஒன்றாக இது இருப்பதே நிலைமையைச் சொல்லும்.

இதை மட்டும் படித்துவிட்டு வடக்கை ஒதுக்கிவிடுபவர்கள் பலர். அது அவசரம். 1839இல் தொடங்கிய திர்ஷினெட்ஸ் இரும்பாலை இன்றும் உருக்கு வார்க்கிறது. கொப்ர்ஷிவ்னிட்சேயில் 1850இல் குதிரை வண்டிகள் செய்யத் தொடங்கி, 1897இல் மோட்டார் வாகனத்துக்கு வந்த டாட்ரா, இன்று கனரக லாரிகளைச் செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நோஷோவிட்சே இருக்கிறது. முட்டைக்கோஸ் வயல்களுக்கும் அதை ஊறவைத்துச் செய்யும் புளிப்புக் கறிக்கும் பெயர்பெற்ற இந்தச் சிற்றூரில் ஹூண்டாய் நிறுவனம், நிலம் விற்க மறுத்த உரிமையாளர்களுடன் நீண்ட இழுபறிக்குப் பிறகு, 2008 நவம்பரில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைச் செய்யும் திறன் அதற்கு உண்டு. எல்லைக்கு அப்பால், சுலோவாக்கியாவின் ழிலினாவில், கியா ஆலை இருப்பதால் உதிரிபாக நிறுவனங்கள் இரண்டுக்கும் நடுவே நிறைந்திருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் அதன் சுற்றுவட்டத்திலும் ஹூண்டாய்க்கோ அதன் உதிரிபாக நிறுவனங்களுக்கோ வேலைசெய்து பழகிய ஒரு பொறியாளருக்கு இந்த உற்பத்தி முறையின் பெரும்பகுதி முன்பே தெரிந்த பாடமாகத்தான் இருக்கும்.

பிர்னோவின் கதை வேறு. நெசவும் இயந்திரமும் ஆயுதமும் செய்த நகரம்தான் அதுவும். ஆனால் ஒரே கனிமத்தின்மேல் அது நிற்கவில்லை. 1928இல் திறக்கப்பட்ட கண்காட்சி வளாகம் அதை வணிக நகரமாக்கியது. அரசமைப்பு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், உச்ச நிர்வாக நீதிமன்றம் ஆகிய மூன்றும் பிராகாவில் இல்லாமல் பிர்னோவில் இருப்பதால், சட்டத் தொழிலும் அரசு வேலைகளும் அசையாமல் நிற்கின்றன. 1899இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 1919இல் நிறுவப்பட்ட மசாரிக் பல்கலைக்கழகம், வேளாண்மைக்கான மெண்டல் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் என்று நகரமே மாணவர்களால் நிரம்பி வழிகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி இங்கே தனித்துச் சொல்லவேண்டிய தொழில். ஆர்மின் டெலோங் தலைமையில் உருவான மேசைமேல் வைக்கும் நுண்ணோக்கி 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்றது. அந்த ஆய்வுக்கூட மரபிலிருந்து முளைத்த நிறுவனங்களும், அவற்றை வாங்கிய அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து, உலகின் எலெக்ட்ரான் நுண்ணோக்கிகளில் மூன்றில் ஒரு பங்கை இங்கே செய்வதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ரெட் ஹாட், ஐபிஎம், ஹனிவெல் ஆகியவற்றின் பெரிய அலுவலகங்களும் இங்கே உள்ளன. அடுத்த பிராந்தியத்தில் இருந்தாலும் பிர்னோவிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் அமைந்த டுகொவானி அணுமின் நிலையத்தில் புதிய உலைகள் கட்ட 2025 ஜூனில் கொரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கான பொறியாளர்களில் பலர் பிர்னோவில்தான் குடியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

ஆய்வுக்காகச் செல்பவர்களுக்கு ஒரு சொல். உயிரியல், மருந்து, நுண்ணோக்கியியல், கணினி அறிவியல் ஆகியவற்றுக்குப் பிர்னோவே முதல் இடம். ஆனால் மீத்திறன் கணினியை நம்பி நடக்கும் ஆய்வுக்கு ஒஸ்ட்ராவாவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை விட்டுவிடக் கூடாது. 1849இல் பிர்ஷிப்ராமில் சுரங்கக் கல்விக்கூடமாகப் பிறந்து 1945இல் ஒஸ்ட்ராவாவுக்கு இடம்மாறிய அந்த நிறுவனத்தில்தான் நாட்டின் தேசிய மீத்திறன் கணினி மையம் இருக்கிறது. 2021 முதல் ‘கரோலினா’ என்ற கணினி அங்கே இயங்குகிறது. உலோகவியலுக்கும் பொருள் அறிவியலுக்கும் அங்கே இருக்கும் பட்டறைத் தொடர்பு தெற்கே அந்த அளவுக்குக் கிடைப்பது கடினம்.

ஊரைவிட்டுப் பிராந்தியத்தைப் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் குடியிருப்பு விஷயத்தில்தான் நன்றாகத் தெரியும். தென் மொராவிய மக்களில் மூன்றில் ஒருவர் பிர்னோவில் இருக்கிறார். அதன் மக்கள்தொகை சுமார் நான்கு லட்சம். அடுத்த பெரிய ஊரான ஸ்னோய்மோவில் சுமார் 34 ஆயிரம் பேர்தான். ஹொடோனின், பிரெட்ஸ்லாவ் ஆகியவை அதனினும் சிறியவை. ஆலமரத்தின் அடியில் வேறு மரம் வளராததுபோல, பிர்னோவைச் சுற்றி நடுத்தர நகரமே வளரவில்லை. வேலைகள் நகரில் குவிந்திருப்பதால் எல்லோரும் அங்கேயே வீடு தேடுகிறார்கள். பிராகாவுக்கு அடுத்தபடியாக நாட்டில் விலை உயர்ந்த வீட்டுச் சந்தை அதுதான். தாங்காதவர்கள் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் போய், பிராந்தியத்தின் ஒருங்கிணைந்த பயணச்சீட்டில் நாள்தோறும் வந்துபோகிறார்கள். ரயிலும் பேருந்தும் நேரம் பொருந்தி வருவதால் அது துன்பமான வழியில்லை. என்றாலும் ஸ்னோய்மோ, ஹொடோனின் மாவட்டங்களில் வேலையின்மை நாட்டுச் சராசரியைவிடக் கூடுதல் என்பதையும், தென் மொராவியாவின் செழிப்பு என்று சொல்லப்படுவது பெரிதும் பிர்னோவின் செழிப்பே என்பதையும் மறக்கலாகாது.

வடக்கே நிலைமை தலைகீழ். ஒஸ்ட்ராவாவில் வாழ்பவர்கள் சுமார் 2.85 லட்சம் பேர், அதாவது பிராந்தியத்தின் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. சுரங்கத் தொழிலாளருக்காக 1955இல் நகரமாக நிறுவப்பட்ட ஹவீர்ஷோவ், ஆஸ்திரிய சிலேசியாவின் பழைய தலைநகரான ஓபவா, மலையடிவாரத்து ஃப்ரிடெக்-மிஸ்டெக், கார்வினா ஆகிய நான்கும் ஐம்பதாயிரத்தை ஒட்டியோ தாண்டியோ மக்கள் வாழும் நகரங்கள். ஒவ்வொன்றிலும் மருத்துவமனையும் பள்ளிகளும் கடைத்தெருவும் உண்டு. ஒஸ்ட்ராவாவுக்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரப் பயணம். நடுத்தர ஊரில் வாழ்ந்துகொண்டு பெரிய ஆலையில் வேலைசெய்யும் வசதியைத் தெற்குப் பிராந்தியம் தராது, வடக்கு தருகிறது. ஆனால் எல்லா ஊரும் ஒன்றல்ல. ஓபவாவும் ஃப்ரிடெக்-மிஸ்டெக்கும் குடும்பத்தோடு வாழ ஏற்றவை. கார்வினா மாவட்டமும் மேற்கே மலைக்காட்டுப் ப்ருண்டால் மாவட்டமும் நாட்டிலேயே வேலையின்மை மிகுந்த பகுதிகளில் அடங்கும். அங்கே வீட்டு விலை கண்ணைக் கவர்வதற்கு அதுவே காரணம்.

வீடு வாங்கும் எண்ணம் உள்ளவர் கார்வினா, ஓர்லோவா பகுதிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அடியில் நிலக்கரி எடுக்கப்பட்ட நிலம் காலப்போக்கில் இறங்குகிறது. பழைய கார்வினாவில் அல்காந்தராவின் புனித பேதுரு தேவாலயம் சுரங்கத்தால் 37 மீட்டர் கீழே இறங்கி, சாய்ந்தபடி இன்றும் வயல்நடுவே தனியே நிற்கிறது. அதைச் சுற்றியிருந்த ஊர் இப்போது இல்லை. அந்தத் தேவாலயத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து கிரயப் பத்திரத்தைப் படிப்பவர், மனை சுரங்கப் பாதிப்புப் பகுதிக்குள் வருகிறதா என்று கேட்காமல் கையெழுத்திட மாட்டார்.

காற்றைப் பற்றிய அச்சம் ஒஸ்ட்ராவாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மலைகளுக்கு நடுவே பள்ளமாக இருப்பதால், குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று அடியில் தேங்கி, மேலே வெப்பக் காற்று மூடிபோல் நிற்கும் நாட்களில் புகை வெளியேற வழியில்லை. போலந்துப் பக்கத்து வீட்டு அடுப்புகளின் புகையும் வந்து சேரும். ஆலைகளில் பொருத்திய வடிகட்டிகளாலும், ஆலைகளே மூடப்பட்டதாலும் கடந்த இருபது ஆண்டுகளில் நிலைமை கணிசமாக மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் ஆஸ்துமா உள்ள குழந்தையோடு செல்பவரிடம் நான் தெற்கையே சொல்வேன். வடக்கேதான் என்றால் பெஸ்கிடி அடிவாரத்தை. இயற்கைச் சீற்றத்தில் இரண்டும் பாதுகாப்பானவை அல்ல. 1997 ஜூலையிலும் 2024 செப்டம்பரிலும் வடக்கில் ஓட்ரா, ஓபவா ஆறுகள் கரைபுரண்டன. இரண்டாவது முறை கிர்னோவ், ஓபவா நகரங்களும் ஒஸ்ட்ராவாவின் ஒரு பகுதியும் மூழ்கின. தெற்கே 2021 ஜூன் 24 அன்று ஹொடோனின், பிரெட்ஸ்லாவ் மாவட்டங்களில் சுழற்காற்று ஒன்று கிராமங்களைப் பிய்த்தெறிந்தது. சுழற்காற்று எங்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளம் வரும் இடத்தை வரைபடத்தில் பார்த்துவிடலாம். எனவே வடக்கில் ஆற்றங்கரை வீட்டைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

வெளியூர்ப் பயணத்தில் தெற்குக்கே சாதகம். பிர்னோவிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். இந்தியாவுக்குப் போய்வர வியன்னா விமான நிலையமே போதும். ஒஸ்ட்ராவாவிலிருந்து வியன்னாவும் பிராகாவும் ஏறத்தாழ மூன்று மணி நேரத் தொலைவு. மோஷ்னோவ் விமான நிலையத்தின் ஓடுதளம் நீளமானது, அங்கிருந்து பறக்கும் விமானங்களின் பட்டியல் அவ்வளவு நீளமில்லை. போலந்தின் கட்டோவிட்சே அருகில் இருப்பதே அங்குள்ளவர்களுக்கு ஆறுதல். மொழியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். பிர்னோவில் ஆங்கிலத்திலேயே நடக்கும் அலுவலகங்கள் ஏராளம். வெளிநாட்டவருக்கு வழிகாட்டும் மையமும் உண்டு. வடக்கின் ஆலைத்தளத்தில் செக் மொழி இல்லாமல் நெடுநாள் ஓட்ட முடியாது. அதை ஒரு குறையாகவே நான் எண்ணவில்லை. ஐந்து ஆண்டுக்குப்பின் நிரந்தர வதிவிடம் கேட்பவர் செக் மொழியில் ஏ2 எனப்படும் அடிப்படை நிலைத் தேர்வு எழுதியாக வேண்டும். பிர்னோவில் ஆங்கிலத்தை நம்பி நான்காண்டு கழித்தவர்கள் ஐந்தாம் ஆண்டில் பதறுவதும், வடக்கே கடைக்காரரிடமும் மேற்பார்வையாளரிடமும் பேசிப் பழகியவர்கள் எளிதில் தேறுவதும் எதிர்பார்க்கக்கூடியதே.

முடிவுக்கு வருவோம். மென்பொருள், உயிர்மருத்துவம், நுண்கருவிகள் ஆகிய துறையினருக்கும், கணவன் மனைவி இருவரும் படித்த வேலைக்குப் போக வேண்டிய குடும்பத்துக்கும் தென் மொராவியாவையே பரிந்துரைப்பேன்; ஒருவர் வேலையை இழந்தாலும் அதே நகரில் இன்னொன்று கிடைக்கும் வாய்ப்புக்காகத்தான் அங்கே கூடுதல் வாடகை கொடுக்கிறோம். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாகப் போகும் இளைஞருக்கும் அதுவே. இயந்திரப் பொறியியல், வாகனத் தொழில், உலோகவியல் என்றால் மொராவிய-சிலேசியா. அதுவும் பத்தாண்டு தங்கி வீடு வாங்கும் நோக்கம் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் வேலை தரும் நிறுவனம் உருக்குத் தொழிலை மட்டும் நம்பியிருக்கிறதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டறிய வேண்டும். வாகன உதிரிபாகத் துறைப் பொறியாளர் ஒருவர் மனைவியோடும் பள்ளி செல்லும் இரண்டு குழந்தைகளோடும் போவதாக வைத்துக்கொண்டால், பிர்னோவையும் ஒஸ்ட்ராவாவையும் விட்டுவிட்டு ஃப்ரிடெக்-மிஸ்டெக்கில் முதல் ஆண்டு வாடகைக்கு வீடு பிடிக்கச் சொல்வேன்: நோஷோவிட்சே ஆலை பக்கத்தில், ஒஸ்ட்ராவாவின் பன்னாட்டுப் பள்ளி தினமும் போய்வரக்கூடிய தூரத்தில், லிசா ஹோரா சன்னலுக்கு வெளியே.